ஜாவா கிப்பனை வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

சாம்பல் நிறக் குட்டி ஒன்று ஆளைக் கட்டிக்கொண்டிருக்கும் வீடியோவுடன், “ஜாவா கிப்பன், அழகான செல்லப்பிராணி, வாங்கத் தடையில்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

ஜாவா கிப்பன் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் வாலில்லாக் குரங்கு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருப்பதால், காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே முடியாது. இந்தோனேசியச் சட்டமும் தடுக்கிறது. இரண்டு பட்டியல்களையும் அந்தந்த இணையதளங்களில் யாரும் பார்க்கலாம்.

அந்தக் கட்டிப்பிடிப்பு பாசமல்ல. குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே வளரும். அதைப் பிடிக்கப் பெரும்பாலும் தாயைக் கொன்றுவிடுகிறார்கள். தாய் ஈனுவதோ சில ஆண்டுகளுக்கு ஒரே குட்டி!

தயவுசெய்து அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘எவ்வளவு அழகு’ என்றுகூட.