துடிப்பு பார்க்கும் மணிக்கூடு: வாங்க முன்னம் ஒரு கேள்வி

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பெட்டிகளில் இப்போது சொக்கலேட்டோடு ஒரு ஸ்மார்ட் மணிக்கூடும் வருகிறது. அனுப்புகிறவரே தன் மின்னஞ்சலில் கணக்கும் திறந்து விடுகிறார். சின்னம்மா இங்கே யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் நடக்க, அவருடைய நெஞ்சுத் துடிப்பு டொரொண்டோ மருமகனின் கணக்கில் ஏறுகிறது.

மருமகனில் பிழையில்லை, நல்ல பிள்ளை. என் பிரச்சினை அந்தக் கணக்கை வைத்திருக்கும் கம்பனியோடு. 2020 ஜூலையில் கார்மின் என்ற மணிக்கூட்டுக் கம்பனியின் செர்வர்களை வைரஸ்காரர் முடக்கியபோது, உலகம் முழுக்க ஆட்கள் தாங்கள் ஓடிய விபரத்தைப் பதிவேற்ற முடியாமல் நாட்கணக்கில் இருந்தார்கள். இன்னொரு மணிக்கூட்டுக் கம்பனியான பெபிள் 2016இல் கடையை மூடியது. ஃபிட்பிட் 2021இல் கூகுளிடம் போனது. அதனால் திரை, பட்டி, நிறமெல்லாம் பிறகு. கம்பனியின் செர்வர் இல்லாமல் இந்த மணிக்கூடு என் போனோடு பேசுமா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பேச வைப்பதற்கு ஆண்ட்ரொய்டில் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூலச் செயலி, அதாவது யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய செயலி, இருக்கிறது. இப்படியான செயலிகளுக்கான எஃப்-டிராய்ட் என்ற செயலிக் கடையில் இலவசம். கணக்குத் திறக்கத் தேவையில்லை, பதிவெல்லாம் போனிலேயே கிடக்கும். எந்த மாடல் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அவர்களின் தளத்தில் விபரமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் பட்டியலில் பெயரைக் கண்டவுடன் காசை நீட்ட வேண்டாம். ஷாவ்மி, அமேஸ்ஃபிட் மாடல்கள் பலவற்றுக்கு, கேட்ஜெட்பிரிட்ஜில் இணைக்க ஒரு சாவி, அதாவது ஒரு இரகசியக் குறியீடு வேண்டும். கம்பனியின் செயலியில் ஒருமுறை கணக்குத் திறந்து, மணிக்கூட்டை இணைத்து, அந்தக் கணக்கிலிருந்துதான் அதை எடுக்கலாம். எடுத்த பிறகு செயலியைப் போனிலிருந்து தூக்கலாம். ஆனால் அதற்குள் போய் மணிக்கூட்டை நீக்கினாலோ ரீசெட் பண்ணினாலோ சாவி செல்லாது, திரும்ப முதலிலிருந்து. டொரொண்டோவில் இணைத்து வந்த மணிக்கூடென்றால் சாவியும் டொரொண்டோவில்தான். ஆகவே அனுப்புகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி விடுங்கள்: "தம்பி, பெட்டியை உடைக்காமல் அப்படியே அனுப்பு."

உள்ளே ஓடும் மென்பொருளும் திறந்ததாக வேண்டுமென்றால் பைன்டைம், பேங்கிள்.ஜேஎஸ் 2 என்ற மணிக்கூடுகள் இருக்கின்றன. பைன்டைம் மலிவு, ஆனால் அதன் துடிப்பு எண்ணை நம்பி நான் ஓடமாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி தெரிந்த பெடியளுக்கு பேங்கிள் நல்ல விளையாட்டுச் சாமான்.

துடிப்பு மட்டும் போதுமென்றால் மணிக்கூடே வேண்டாம் என்பேன். போலார் எச்10 போல நெஞ்சில் கட்டும் பட்டி வாங்குங்கள். மணிக்கூடு தோலுக்குள் பச்சை வெளிச்சம் அடித்து இரத்த ஓட்டத்தை ஊகிக்கிறது. மணிக்கூட்டின் பட்டி கொஞ்சம் தளர்ந்தால், கை ஆடினால் எண் தாறுமாறு. நெஞ்சுப் பட்டி இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. எங்கள் சித்திரை வெயிலில் வரும் வேர்வை அதற்கு உதவிதான், ஈரம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். புளூடூத்தின் பொதுவான துடிப்பு முறையில் பேசுவதால், ஓட்டத்தைப் பதியும் ஓப்பன்டிராக்ஸ் என்ற ஆண்ட்ரொய்ட் செயலி எந்தக் கணக்கும் இல்லாமல் நேரடியாக வாங்கிக்கொள்ளும். நாணயம் போன்ற சின்ன பற்றரிதான், தீர்ந்தால் மாற்றிப் போடலாம்.

மணிக்கூடுதான் வேண்டுமென்று நிற்பவர்கள், துடிப்பை வெளியே ஒலிபரப்பும் வசதி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கார்மின், அமேஸ்ஃபிட் சிலவற்றில் இருக்கிறது. இருக்கிறதென்றால் போனில் டேட்டாவை நிறுத்திவிட்டு ஓப்பன்டிராக்ஸைத் திறந்து பாருங்கள். எண் வந்தால் விலை பேசலாம்.