எம்.எட். ஆய்வேடு வகுப்பறையிலிருந்து வரட்டும்

எம்.எட். என்ற கல்வியியல் முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று இளைய ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். கூடவே, ஆய்வேட்டுத் தலைப்பை மட்டும் யாரிடமிருந்தும் வாங்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

எந்தக் கல்வியியல் கல்லூரி நூலகத்திலும் பழைய ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ‘மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும்’ என்ற ரகத்தில் வரிசையாக இருக்கும். முந்நூறு பிள்ளைகளிடம் வினாநிரல். ஆண், பெண், நகரம், கிராமம், அரசு, தனியார் என்று பிரித்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் ஒரு டி டெஸ்ட். கடைசியில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’. அந்த வினாநிரல் கடைசிப் பீரியடில் கொடுக்கப்பட்டது, பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் டிக் அடித்தார்கள் என்பதெல்லாம் அட்டவணையில் தெரியாது.

ஆனால் அதே ஆசிரியரின் வகுப்பில் என்ன நடக்கிறது? 502-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்கிறார். ஒரு பிள்ளை 476 என்று எழுதுகிறது. இன்னொன்று 424 என்று எழுதுகிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால், முதல் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருப்பது தெரியும். இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. நடுவில் இருக்கும் பூஜ்யத்தை ஒன்பதாக்கிவிட்டது, ஐந்தை நான்காக்க மறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் பயன் கிடையாது. இப்படிப் பதினைந்து பிள்ளைகளிடம் பேசி, எழுதி வைத்து, கற்பிக்கும் முறையை மாற்றி, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் அது ஆய்வேடு இல்லையா? பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு மறுநாளே பயன்படும் ஆய்வேடு அது.

ஆய்வேட்டு வழிகாட்டிகளான பேராசிரியர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். சாம்பிள் போதாது, வெளித்தேர்வாளர் ஏற்க மாட்டார். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர்களும் இதே அச்சில் ஆய்வேடு எழுதி வந்தவர்கள்தான், கையில் இருக்கும் மாணவர்களை நேரத்துக்கு முடித்து அனுப்ப வேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் கல்விக்கான தேசிய அமைப்பான என்சிடிஇ-யின் 2014 விதிமுறைகளால் எம்.எட். ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஓராண்டைப் பிள்ளைகளோடு உட்காருவதற்குச் செலவிடாவிட்டால் வேறு எதற்கு?

அப்புறம் கூடுதல் பட்டம் பெற்றால் சம்பளத்தோடு கிடைத்த ஊக்க ஊதியம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் முன்பு அதற்காகவும் எம்.எட். படித்தார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. அந்த இழப்பு எனக்கும் வருத்தம்தான். இப்போது வருபவர்களில் பலர் பி.எட். கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறவர்கள். நாளைய ஆசிரியர்களை உருவாக்கப் போகிறவருக்கு ஒரு பிள்ளையின் தவறைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இங்குள்ள பெரும்பாலான கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சில பிள்ளைகளை ஆழமாகப் பார்ப்பதும் முழுமையான ஆய்வேடுதான் என்று பல்கலைக்கழகமே தேர்வாளர்களுக்குத் தெளிவாக எழுதி அனுப்பட்டும். நல்ல ஆய்வேடுகளைத் தமிழில், எல்லா ஆசிரியரும் படிக்கும்படி இணையத்தில் போடட்டும்.

இந்த ஆண்டு சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். தலைப்பைப் பதிவு செய்த பிறகு மாற்றுவது சிரமம்.