வேப்பிலைக் கசாயத்தால் கிரந்தி மாறாது

"வேப்பிலையும் மஞ்சளும் அவித்து ஒரு மாதம் குடித்தால் கிரந்தி மாறும், ஊசி தேவையில்லை" என்றொரு குரல்பதிவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பிழை.

"குடித்தேன், புண் காய்ந்துவிட்டது" என்று அதில் பேசுபவர் பொய் சொல்லவேண்டும் என்றில்லை. கிரந்தி, அதாவது சிபிலிஸ் என்ற பாலியல் நோய், முதலில் நோவில்லாத ஒரு புண்ணாகத்தான் வரும். வெறும் தண்ணீர் குடித்தாலும் 3 முதல் 6 கிழமையில் அது தானாக ஆறிவிடும். பெயர் கசாயத்துக்கு; கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரலாம். வருடங்கள் போனால் மூளை, இதயம் வரை பாதிக்கலாம். கர்ப்பிணியென்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும்.

சரி, மூலிகையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒரு காலத்தில் வன்னியை ஆட்டிவைத்த மலேரியாவுக்கு இன்று உலகம் நம்பும் ஆர்ட்டெமிசினின் என்ற மருந்து ஒரு செடியிலிருந்து வந்ததுதான். மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வுகூடத் தட்டில் சில பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. ஆனால் குடித்தால் இரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம்.

ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் ஒரு பென்சதின் பென்சிலின் ஊசியே போதும். பென்சிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எல்லாம் இலவசம். துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.