பெட்டியே அளவுகோல்
சாலைக் கோடுகளையும் ஓடும் வாகனங்களின் தடங்களையும் பார்த்தே, வேகத்தை அளக்கும் சாலைக் கேமரா தன் கோணத்தைக் கணித்துக்கொள்ளும், ஆள் போய் அளக்க வேண்டியதில்லை என்று இத்தகைய கேமராக்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பொருந்துமா என்பது ஐயமே. திருவொற்றியூரில் வசிக்கும் நான் அன்றாடம் காண்பது, துறைமுகத்துக்குள் நுழையக் காத்து மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகளும், அவற்றின் இடுக்கில் எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வாகனங்களும், புழுதியில் மறைந்துபோன கோடுகளும்தான். இணைகோடுகள் தொலைவில் கூடுவதுபோல் தோன்றும் புள்ளியைக் கண்டறிவதே இம்முறையின் அடிப்படை என்பதால், வாகனங்கள் நேராக ஓடாத இடத்தில் கணக்கு பிசகும். அந்தப் புள்ளி கிடைத்தாலும் கோணம்தான் தெரியும். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டுமானால், ஏதேனும் ஒரு நிஜ அளவு தெரிந்திருக்க வேண்டும்; படத்தில் உள்ள ஒரு பொருளின் அளவு தெரிந்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், நமக்குத் தொல்லை தரும் அதே கன்டெய்னர்தான் இங்கே உதவிக்கு வரும்: அதன் வழக்கமான அகலம் 8 அடி, நீளம் பெரும்பாலும் 20 அல்லது 40 அடி. வரிசை நகரும் நேரமாகப் பார்த்து, சாலைக் கோடுகளை விட்டுவிட்டு இப்பெட்டிகளின் விளிம்புகளைக் கொண்டு அளக்கச் செய்தால் எங்கள் பகுதியிலும் இது பலிக்கலாம். ஆனால் கனரக வண்டிகள் கடக்கும்போதெல்லாம் கம்பம் அதிர்ந்து கேமரா சிறிது சிறிதாகத் திரும்பிவிடக்கூடும் என்பதால், ஒருமுறை அளந்ததோடு விட்டுவிட முடியாது.