மல்ட்டியின் லாபம் 2 டைமண்டில் இல்லை

பிரிட்ஜ் சீட்டாட்ட நண்பர்கள் நடுவே மறுபடியும் அதே வழக்கு: 'மல்ட்டி 2 டைமண்ட்' என்ற ஏலத்தை கிளப் ஆட்டங்களில் விடலாமா, கூடாதா? "எதிராளியைக் குழப்புவதற்கென்றே செய்த ஏற்பாடு, தடை போடுங்கள்" என்கிறார்கள் சிலர். "இதைப்போல ஆயுதம் கிடையாது, எல்லோரும் ஆடுங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக: மல்ட்டி ஆடுகிறவர் 2 டைமண்ட் என்று ஏலத்தைத் திறந்தால், அவர் கையில் டைமண்ட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஆறு சீட்டும் குறைந்த பலமும், அதாவது 6 முதல் 10 பாயின்ட் வரை (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்ற கணக்கில்) இருக்கலாம். அல்லது 20 பாயின்ட்டுக்கு மேல் உள்ள, நான்கு இனச் சீட்டும் ஏறக்குறைய சமமாக வந்த சமநிலைக் கையாக இருக்கலாம். எது என்று பார்ட்னருக்கும் அந்த நேரத்தில் தெரியாது.

இதைக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தின் டெரன்ஸ் ரீஸும் ஜெரமி ஃபிளின்ட்டும், 1960களின் கடைசியில். அதற்கு முன்பே 1 கிளப் என்றால் ஹார்ட், 1 டைமண்ட் என்றால் ஸ்பேட் என்று 'லிட்டில் மேஜர்' என்றொரு முறையைச் செய்து பார்த்தவர்கள். அது நிலைக்கவில்லை, மல்ட்டி நிலைத்தது. ஏன் என்பதில்தான் என் கருத்து இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் அக்கோல் என்ற ஏல முறைதான் எங்கும். அதில் 2 ஹார்ட், 2 ஸ்பேட் என்றால் எட்டு டிரிக் (ஜெயிக்கும் சுற்று) கையிலேயே இருக்கிற பலமான கை. அமெரிக்காவில் அதே ஏலம் 'வீக் டூ', அதாவது சொன்ன இனத்தில் ஆறு சீட்டும் குறைந்த பலமும். இரண்டு வசதியும் வேண்டும் என்றால் வீக் டூவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அதைத்தான் 2 டைமண்டுக்குள் அடக்கினார்கள். ஆக, பிறந்த நாளிலிருந்தே மல்ட்டியின் பயன், அது காலி செய்து கொடுத்த 2 ஹார்ட்டிலும் 2 ஸ்பேடிலும்தான் இருக்கிறது.

2 டைமண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அது சாதாரண வீக் டூவைவிட மட்டமான ஏலம். இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேடில் ராஜா 8 7 4, ஹார்ட்டில் ஒற்றை 3, டைமண்டில் ராணி ஜாக்கி 6 5, கிளப்பில் 9 7 4 2. மொத்தம் ஆறே பாயின்ட். பார்ட்னர் இயல்பான வீக் 2 ஸ்பேட் திறக்கிறார், அடுத்தவர் பாஸ். நீங்கள் யோசிக்காமல் 4 ஸ்பேட் சொல்லலாம். நம் பக்கம் பத்துத் துருப்பு, எதிர்ப்பக்கம் சுமார் 26 பாயின்ட். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் வாய் திறந்தால் டபுள் (எதிராளியின் ஏலத்துக்குச் சவால், அல்லது பார்ட்னரை ஏலம் சொல்ல அழைப்பது) சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஐந்தாம் மட்டத்துக்குப் போக வேண்டும்.

இப்போது அதே பார்ட்னர் மல்ட்டி 2 டைமண்ட் திறந்திருக்கிறார் என்று வையுங்கள். அவரிடம் ஸ்பேடா ஹார்ட்டா? உங்கள் ஹார்ட் ஒற்றைச் சீட்டைப் பார்த்தால் ஹார்ட் என்றுதான் பயப்பட வேண்டியிருக்கிறது. அதனால் 2 ஹார்ட் சொல்கிறீர்கள்: "உன்னுடையது ஹார்ட் என்றால் பாஸ் செய், ஸ்பேட் என்றால் மாற்று" என்று அர்த்தம். கடைசி ஆள் இரண்டாம் மட்டத்திலேயே நிதானமாக ஏலத்துக்குள் வருகிறார். அவர் வராவிட்டாலும், பார்ட்னர் 2 ஸ்பேட் என்று மாற்றியதும் மற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. இரண்டு மேஜரிலும் (ஹார்ட், ஸ்பேட்) மூன்று மூன்று சீட்டு இருந்தால் நேரே 3 ஹார்ட்டுக்குத் தாவலாம் என்பது உண்மைதான். ஆனால் சீட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்த கைகளில்தான் வேகமாக ஏற்ற வேண்டும். அங்கேதான் மல்ட்டி கையைக் கட்டிப்போடுகிறது.

அதனால், மல்ட்டியைச் சேர்த்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லும் ஜோடிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 2 ஹார்ட்டையும் 2 ஸ்பேடையும் என்ன செய்யப் போகிறீர்கள்? "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றால் தயவுசெய்து வீக் டூவிலேயே இருங்கள். எனக்குப் பிடித்த பதில், நெதர்லாந்திலிருந்து வந்த மைடர்பெர்க்: ஏலம் சொன்ன மேஜரில் ஐந்து சீட்டு, கூடவே ஒரு மைனரில் (கிளப் அல்லது டைமண்ட்) குறைந்தது நான்கு, பலம் குறைவு. வீக் டூ மட்டும் ஆடுகிறவர் பாஸ் செய்து உட்கார்ந்திருக்கும் கைகள் இவை. இவற்றையும் திறக்க முடிகிறதே, அதுதான் லாபம். 2 டைமண்டில் கொடுத்த நஷ்டத்தை இங்கேதான் ஈடுகட்ட முடியும்.

தடை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக பிரிட்ஜ் சம்மேளனம் 'பிரவுன் ஸ்டிக்கர்' என்று கட்டுப்படுத்தும் ஏலங்களின் பட்டியலிலிருந்து மல்ட்டிக்கு வெளிப்படையாகவே விலக்குக் கொடுத்திருக்கிறது. வட அமெரிக்கா இன்றைக்கும் கறாராக இருக்கிறது. அங்கே மேல்மட்டப் போட்டிகளோடு சரி, அதுவும் எதிராளி எப்படி ஏலம் சொல்லலாம் என்று எழுதிய தற்காப்பைக் கையோடு கொண்டுவர வேண்டும். தடை எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த எழுத்துத் தாள் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் கிளப்புகளிலும் அதைக் கேட்க வேண்டும். பார்ட்னருக்குத் தெரிந்தது அத்தனையும் எதிராளிக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. 2 டைமண்டுக்கு அலர்ட் செய்துவிட்டு (சிறப்பு அர்த்தம் உள்ள ஏலம் என்று எச்சரித்துவிட்டு) "மல்ட்டி" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்வது விளக்கம் ஆகாது. மேஜர் வகையில் எத்தனை பாயின்ட், சில சமயம் ஐந்து சீட்டிலும் திறப்பீர்களா, பலமான வகை இருக்கிறதா, இத்தனையும் சொல்ல வேண்டும்.

எதிரே உட்காருகிறவர்களுக்கு அரைப் பக்கம்கூட வேண்டாம். உடனே டபுள் சொன்னால் 13 முதல் 15 பாயின்ட் சமநிலைக் கை, அல்லது மிகப் பலமான கை. 2 ஹார்ட், 2 ஸ்பேட் சொன்னால் அந்தந்த சூட்டேதான். முதலில் பாஸ் செய்து, திறந்தவரின் சூட் தெரிந்தபின் டபுள் செய்தால் டேக்அவுட், அதாவது பார்ட்னரை அவருடைய சூட்டைச் சொல்லச் சொல்வது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பார்ட்னரோடு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இதைப் பேசி முடித்துவிடலாம்.