ஒரு சின்ன ஸ்ப்ரே கன் வாங்க இவ்ளோ அலையணுமா

செம கடுப்புல எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. நான் பெயிண்ட் அடிக்கப் போறது பைக் டேங்க், சைடு பேனல், மட்கார்டு, ஹெட்லைட் டூம், அவ்ளோதான். கார் இல்ல, பீரோ இல்ல, கேட்டு இல்ல. அதுக்கு ஒரு சின்ன கன் வேணும்னு லிங்கி செட்டி தெரு, செம்புதாஸ் தெருன்னு சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கடை கடையா ஏறி எறங்கி, ராத்திரி பூரா ஆன்லைன்ல தேடி, ஒருத்தர் வாயிலருந்தும் எனக்கு வேண்டிய ரெண்டே ரெண்டு நம்பர் வரல. நாசில், அதான் பெயிண்ட் வெளிய வர்ற ஓட்டை, எத்தன எம்எம், காத்து எத்தன சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தன கன அடி) இழுக்கும். வேற ஒண்ணும் கேக்கலயே நான்.

கடையில கேட்டா "அத்தெல்லாம் பாத்தா வேலைக்காவாது தம்பி, எல்லாரும் இதான் எடுத்துனு போறாங்க, சூப்பரா அடிக்கும்"ன்றாரு. "அண்ணே, என்கிட்ட கீறது ஒரு எச்பி கம்ப்ரசர், 24 லிட்டர் டேங்க், இத்த தாங்குமா"ன்னா "தாராளமா தாங்கும்பா"ன்னு பில் புக்க எடுக்குறாரு. எப்படிங்க தாங்கும்? 24 லிட்டர் டேங்க்ல 8 பார் பிரஷர் ஏத்தி வெச்சா, அது 3 பாருக்கு எறங்குற வரைக்கும் கிடைக்கிற காத்து ஒரு 120 லிட்டர். பெரிய எச்விஎல்பி (காத்து ஜாஸ்தி, பிரஷர் கம்மி) கன்னு நிமிஷத்துக்கு பத்து சிஎஃப்எம்முக்கு மேலயே கேக்கும், அதாவது 280 லிட்டருக்கு மேல. ஒரு எச்பி மோட்டார் உண்மையா தள்ளுறது மூணு சிஎஃப்எம் சில்லறை. கழிச்சு பாருங்க, அரை நிமிஷம் தாண்டுனதும் பிரஷர் படுத்துடும், பெயிண்ட்டு தூளாகாம சொட்டு சொட்டா போய் உக்காரும், பைக் டேங்க்ல பாதி பளபளன்னு பாதி சொரசொரன்னு நிக்கும். அதே மூணு மூணரை சிஎஃப்எம் இழுக்குற சின்ன டச்சப் கன்னா இருந்தா அதே கம்ப்ரசர்ல ஒரு பைக் டேங்க்க நிதானமா முடிச்சுட்டு மூச்சும் விடலாம். மொத்த விஷயமே அந்த ஒரு நம்பர்ல இருக்கு, அத்த தான் எவனும் சொல்ல மாட்றான். மைலேஜ மறைச்சுட்டு கலர மட்டும் காட்டி வண்டி விக்கிற மாதிரி இது.

கம்ப்ரசர் விக்கிறவங்களும் இதுல கூட்டு. டப்பா மேல பெருசா போட்டிருக்கிற சிஎஃப்எம், பிஸ்டன் கணக்குல வர்ற டிஸ்ப்ளேஸ்மென்ட்டு. பைப் முனையில நெசமா வெளிய வர்ற காத்து அத விட கம்மி, அந்த எஃப்ஏடி நம்பர கேட்டா முழிக்கிறாங்க.

ஆன்லைன் இன்னும் மோசம். தலைப்புல 1.4 எம்எம், கீழ விவரத்துல 0.8, போட்டோல தொங்குறது 600 மில்லி கப்பு. எது வரும்னு பார்சல் பிரிச்சா தான் தெரியும். கீழ பாத்தா கார், பைக், செவுரு, ஃபர்னிச்சர் எல்லாத்துக்கும் ஏத்ததுன்னு ஒரே வரி. எல்லாத்துக்கும் எப்படிய்யா ஒரே நாசில் ஆவும்? பைக் பார்ட்ஸுக்கு பேஸ் கோட் (கலர்) அடிக்க 0.8, 1.0 போதும், கிளியருக்கு (மேல அடிக்கிற பளபளப்பு கோட்) 1.2, 1.3 வேணும், கெட்டி பிரைமருக்கு (அடி கோட்) 1.4க்கு மேல போவணும். சைடு பேனலுக்கு நூறு மில்லி கலர் கலக்குறவனுக்கு 600 மில்லி கப்பு எதுக்கு, 125 மில்லி கப்பு போதுமே, கழுவ தின்னரும் கம்மியா ஆவும். அப்புறம் எச்விஎல்பி ஸ்டிக்கர். அந்த பேருக்கு அர்த்தமே ஏர் கேப்ல (கன் முனையில மாட்டுற மூடி) பிரஷர் 10 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது, காத்து அளவு ஜாஸ்தி, பெயிண்ட் பறந்து வீணாவறது கம்மின்றது தான். இங்க பிளாஸ்டிக் கப்பு மாட்டுன எல்லா கன்னு மேலயும் அந்த ஸ்டிக்கர ஒட்டிடுறாங்க.

"கம்ப்ரசரே வேணாம், இந்த கரண்ட் கன்ன எடுத்துக்கோ"ன்னு ஒருத்தர் தலையில கட்ட பாத்தாரு. அதுல வர்றது 1.8, 2.6 நாசிலு, செவுத்துக்கும் மரத்துக்கும் அடிக்கிறது. டேங்க்ல அடிச்சா ஆரஞ்சு தோலு மாதிரி திட்டு திட்டா வரும், அப்புறம் வாட்டர் பேப்பர் போட்டு தேய்ச்சே தோள்பட்ட போயிடும். ஸ்ப்ரே கேன் வாங்கி அடின்றவங்களுக்கும் சொல்லிடுறேன், ஹார்ட்னர் (பெயிண்ட் இறுக கலக்குறது) இல்லாத சாதா கேன் பெயிண்ட்டு மேல பெட்ரோல் சிந்துனா இளகிடும். டேங்க் மூடிய சுத்தி பெட்ரோல் சிந்தாத வண்டி எங்கிருக்கு?

சரி, கன்னயாவது டெஸ்ட் பண்ணி குடுங்கன்னா அதுக்கும் மனசு வராது. ஒரு கப்பு தண்ணி ஊத்தி பழைய அட்டப்பெட்டி மேல ஒரு தட்டு தட்டுனா தெரிஞ்சுடும். பேட்டர்ன் நீளமா, ரெண்டு பக்கமும் ஒரே சீரா விழணும். வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சா ஏர் கேப்ப அர சுத்து திருப்பி இன்னொரு தட்டு. வளைவும் கூடவே திரும்புனா கேப்புல கோளாறு, திரும்பாம அதே பக்கம் நின்னா நாசில்ல கோளாறு. ரெண்டு நிமிஷ வேலை. "டெஸ்ட் பண்ணா அப்புறம் பழைய சாமான் ஆயிடும்"ன்னாரு ஒருத்தர், எனக்கு அப்படியே ஏறிடுச்சு. அப்புறம் அந்த கப்பு மூடி உள்ளார இருக்கிற கறுப்பு வாஷர், அத தின்னர் ஊத்துனா ஊதி பிதுங்கி வெளிய வருது, மூடி மூட மாட்டேங்குது. தின்னர் படாத பெயிண்ட் வேலை எங்கனா இருக்கா? தனியா வாஷர் கேட்டா இல்ல, நாசில் கேட்டா இல்ல, நாசில் ஊசி கேப்பு மூணும் செட்டா கேட்டாலும் இல்ல, "புது கன்னே எடுத்துக்க".

நம்ம பக்கம் கடல் காத்து வேற. காசிமேடுலருந்து எண்ணூர் வரைக்கும் காத்துலயே ஈரம், கம்ப்ரசர் அத இழுத்து சூடாக்கி பைப்ல தண்ணியா எறக்குது, அது கன் வழியா பெயிண்ட்டோட கலந்து துப்புது. ஃபில்டர் கேட்டா கம்ப்ரசர் வாயிலயே மாட்டிக்கோன்றாங்க. அங்க காத்து இன்னும் சூடா இருக்கு, ஈரம் ஆவியாவே தாண்டி போயிடும். காத்து ஆறுற தூரம் பைப்ப வுட்டு அப்புறம் தான் மாட்டணும், இத சொல்ல ஒரு ஆளு இல்ல.

இதெல்லாம் கூட காசோட போவும், ஆனா மாஸ்க் விஷயத்துல எனக்கு ரத்தம் கொதிக்குது. ரெண்டு டப்பா பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட், ஹார்ட்னரோட வாங்குற பையனுக்கு ஒரு துணி மாஸ்க்க ஃப்ரீயா குடுத்து அனுப்புறாங்க. அந்த ஹார்ட்னர்ல இருக்கிறது ஐசோசயனேட், ஆஸ்துமாவ கொண்டு வர்ற சரக்கு. துணி அத தடுக்காது, தூசி மாஸ்க்கும் தடுக்காது. வீடு ஒட்டி வீடு இருக்கிற நம்ம சந்துல அவன் அடிக்கிறப்போ பக்கத்து வீட்டு கொழந்தையும் தான் அத இழுக்குது. சொல்லி விக்க ஒரு நிமிஷம் ஆவுமா?

1950கள்லருந்து திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச ஏரியாங்க இது, டேங்க் மேல தங்கக் கோட்ட பிரஷ்ஷால கையிலயே இழுத்த ஆளுங்க வேலை பாத்த ஊரு. இங்க இருந்துக்கிட்டு ஒரு சின்ன கன்னுக்கு விவரம் சொல்ல கடைக்காரர் இல்லன்றது எனக்கு தாங்கல.

0.8 இல்ல 1.0 நாசில், 125 மில்லி மேல் கப்பு, நாலு சிஎஃப்எம்முக்குள்ள, ஸ்பேர் கிடைக்கணும், தண்ணி ஊத்தி அடிச்சு காட்டணும். அப்படி ஒரு கடை தெரிஞ்சா கீழ போடுங்க, பாரிஸோ புதுப்பேட்டையோ எங்க இருந்தாலும் சனிக்கிழமை கெளம்பி வரேன், ரெண்டு நூறு ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல.