பெரியம்மாவின் இடுப்பில் இருப்பது எது?

பெரியம்மாவுக்கு 2009ல் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். போன மாதம் அந்தப் பக்கம் வலி. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "தொடை எலும்புப் பக்கம் வைக்கிற பந்தும், அது சுழலுகிற கிண்ணமும் ரெண்டுமே உலோகம் மாதிரி தெரியுது. எந்தக் கம்பெனி, எந்த மாடல்?" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூட்டு மாற்றப்பட்டது' என்று ஒரே வரி. ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய ஃபைல் இல்லையாம். எங்கள் வீட்டில் கிரைண்டர் வாரண்டி கார்டுகூட இன்னும் இருக்கிறது!

அன்றிலிருந்து எனக்கு ஜான் சார்ன்லி ஞாபகமாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி போட்டவர். முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் வைத்தார். ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதேதான். சுமார் 300 பேருக்கு வைத்தாயிற்று, முதலில் பலன் நன்றாகத்தான் இருந்தது. சில வருடங்களில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள்களால் சுற்றியிருந்த திசு கெட்டு, மூட்டு ஆட ஆரம்பித்தது. மனிதர் ஒளிந்துகொள்ளவில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு அறுவை செய்தார். தன் தொடைக்குள்ளேயே டெஃப்லானைப் புதைத்து என்ன ஆகிறது என்று பார்த்தார்.

1962ல் ஒரு விற்பனையாளர் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் புதுவகை ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டார். பட்டறையைப் பார்த்துக்கொண்ட ஹாரி கிரேவன்தான், அவர் ஊரில் இல்லாத நேரம் அதைத் தேய்மான இயந்திரத்தில் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்கு இது மூன்று வாரத்தில்கூடத் தேயவில்லை. அப்படியும் சார்ன்லி அவசரப்படவில்லை. தன்னிடம் வந்து கற்ற டாக்டர்களுக்கு மட்டுமே அந்த மூட்டைப் பல வருடம் கொடுக்கவிட்டார். இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டும் வைத்தார். உள்ளே எப்படித் தேய்ந்தது என்று பார்க்க வேண்டுமே!

டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு இதற்கு நேர் எதிர். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை. ஆய்வக இயந்திரத்தில் ஒழுங்காக ஓடியது. உடம்புக்குள் கிண்ணம் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் விளிம்பு உரசி, மூட்டின் உலோகங்களான கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஒவ்வொரு மூட்டையும் பதிவு செய்து தொடரும் ஆஸ்திரேலியப் பதிவேட்டில் கோளாறு சீக்கிரமே தெரிந்தது. உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு வைத்த பிறகு, 2010ல்தான் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள். அவர்களில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அப்புறம் என்ன ஆராய்ச்சி, என்ன சிகிச்சை?

மூட்டுப் பெட்டிக்குள் லாட் எண்ணோடு (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கர்கள் வரும். ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருந்தால், அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பெரியம்மாவுக்கு நாளை ரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கிறார்கள்.